மூன்றாவது வார்டுக் குடியிருப்போர்

"அந்த மேப்பைச் சுருட்டி அடுப்புல போடு. சாப்பிடுற மேசையில எதுக்கு அது?" என்றான் எரஸ்மோ.

எல்வா காதில் வாங்கவில்லை. பீன்ஸ் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, நிலத்தடி நீர் வாரியம் புதிதாகப் போட்ட வார்டு மேப்பை மேசை நிறைய விரித்திருந்தாள். பாலோ செக்கோ தெருவில் ஒன்பது வீட்டுப் போர்கள் வற்றிப்போய்விட்டன. அவள் வீட்டுப் போரும் அதில் ஒன்று. ராய்ஸ் ஹெண்ட்ரிக்கின் ஏழு மோட்டார்கள் தீவனப்புல்லுக்காக ராப்பகலாக இறைக்கும்போது, மேற்கு டெக்சாஸில் ஏழைவீட்டுப் போரில் காற்றுதான் வரும். அந்த மோட்டார்களுக்கு அளவு வைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. வாரியத் தலைவர் யாரென்றால், அதே ராய்ஸ் ஹெண்ட்ரிக். பாலுக்குப் பூனை காவல்.

வரும் நவம்பர் வாரியத் தேர்தலில் எல்வா நிற்பதாக இருந்தாள். அதுவரை தெரு முழுக்க ஒரே வார்டு. தெரு ஓட்டே அவளுக்குப் போதும். அது ஹெண்ட்ரிக்குக்கும் தெரியும். அதனால் புது மேப்பில் தெருவை மூன்றாகப் பிய்த்து, மூன்று வார்டுகளின் வாலில் கட்டிவிட்டிருந்தார்கள். கேட்டால், எல்லா வார்டிலும் தலைக்கணக்கு சமமாக இருக்க வேண்டுமாம்.

"மூணாவது வார்டுல ஆயிரத்து இருநூறு பேர்னு போட்டிருக்கு. உன் முதலாளி நிலமும் அக்கம்பக்கமும்தானே அது? அங்க எத்தனை வீடு இருக்கு, கிழவா?"

எரஸ்மோ இருபது வருடமாக ஹெண்ட்ரிக்கின் நிலத்தில் மேஸ்திரி. விரல்விட்டு எண்ணினான். "பதினாறு."

"பதினாறு வீட்டுல ஆயிரத்து இருநூறு பேரா? மாட்டையும் சேத்து எண்ணிட்டானுங்களா?"

எரஸ்மோ சிரிக்கவில்லை. "வடக்கு வேலிக்கு அந்தாண்ட ஜெயில் இருக்கில்ல," என்றான்.

எல்வாவின் விரல் மேப்பில் வடக்கு வேலியைத் தாண்டிப் போய் நின்றது. அந்த ஜெயிலில்தான் அவர்கள் மகன் ஆபெல் இருக்கிறான். ஹெண்ட்ரிக்கின் மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை அறுத்து விற்றதற்கு மூன்று வருடம். கைதிக்கு ஓட்டு கிடையாது. தலைக்கணக்கில் மட்டும் இடம் உண்டு. ஆயிரத்துச் சொச்சம் கைதிகளைக் காட்டி வார்டை நிரப்பிவிட்டு, பதினாறு வீட்டார் ஓட்டுப் போட்டு ஹெண்ட்ரிக்கை நாற்காலியில் உட்கார வைப்பார்கள்.

"என் புள்ளைய உள்ள தள்ளினதும் அவரு. இப்ப அவன் தலைய எண்ணிப் பதவி வாங்கிக்கிறதும் அவரா?"

"கூட்டத்துல போய் வாயத் தொறந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடாத, எல்வா."

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வழக்கம்போல மழைக்கான ஜெபத்துடன் தொடங்கியது. மழை கேட்டு மன்றாடுவதில் ஹெண்ட்ரிக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை, குரல் தழுதழுக்கும். கடவுளிடம் கேட்க யார் ஓட்டும் வேண்டாமே. ஜெபம் முடிந்ததும் பொதுமக்கள் பேசலாம். எல்வா எழுந்தாள்.

"பேரு, வார்டு சொல்லும்மா," என்றாள் குறிப்பெழுதும் லோர்னா.

"எல்வா பராசா. என் மகன் ஆபெலுக்காகப் பேச வந்திருக்கேன். அவன் வார்டு மூணு."

ஹெண்ட்ரிக் பொறுமையாகச் சிரித்தார். "எல்வா, உன் பையன் அங்க குடியிருக்கலம்மா. அடைச்சு வெச்சிருக்காங்க."

"நல்லதுங்க. அப்படியே எழுதிக்கோங்க, மிஸ் லோர்னா. அங்க யாரும் குடியிருக்கலைன்னு."

வாரிய வக்கீல் பதறிப்போய் ஹெண்ட்ரிக்கின் காதில் ஏதோ சொன்னார். அந்தத் தலைகள் கழிந்தால் மூன்றாவது வார்டே கிடையாது. ஹெண்ட்ரிக் தொண்டையைக் கனைத்தார். "தப்பாச் சொல்லிட்டேன். ஜெயில்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் மூணாவது வார்டுலதான் குடியிருக்காங்க. எழுதிக்கோ, லோர்னா."

லோர்னா எழுதிக்கொண்டாள். மேப் நான்குக்கு ஒன்று என்று நிறைவேறியது.

கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த எரஸ்மோதான் திரும்பும்போது வண்டியை ஓட்டினான். வேலை போகும் என்ற பயம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"முன்னாடி ஒரு வெளியூர்க் கம்பெனி இங்க போர் போட வந்துச்சு. அத வெரட்ட முதலாளி ஒரு விதி எழுதினாரு. ஒரு வார்டுல குடியிருக்கிறவங்க அம்பது பேர் கையெழுத்துப் போட்டா, வாரியம் அந்த வார்டுக்கே வந்து, போர்ல எறைக்கிறதப் பத்தி விசாரணை நடத்தணும். அப்ப எனக்குக் குடியுரிமை வரல, ஓட்டு கெடையாது. குடியிருந்தாப் போதும்டான்னு எங்கிட்டயும் கையெழுத்து வாங்கினாரு."

எல்வா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "விதி இன்னும் இருக்கா?"

"யாரு எடுக்கப் போறா, கிழவி? அவங்க கவனமெல்லாம் மேப்புலதான்."

ஒரு மாதத்தில் வாரிய அலுவலகத்துக்குத் தபாலில் கனமான உறை வந்தது. மேலே ஜெயில் முத்திரை. உள்ளே, ஏழு மோட்டார்களுக்கும் அளவு வைக்கச் சொல்லி நானூற்றுப் பதினோரு கையெழுத்து. முதல் கையெழுத்து ஆபெல் பராசா. கைதிகள் குடியிருப்போர் இல்லை என்று தள்ளலாமா என வக்கீலைக் கேட்டார் ஹெண்ட்ரிக். வக்கீல் லோர்னாவின் குறிப்பேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அதற்கடுத்த வாரம் எரஸ்மோவுக்கு வேலை போயிற்று. விசாரணை மட்டும் போகவில்லை. விதிப்படி அந்த வார்டில்தான் நடக்க வேண்டும்; நானூறு பேர் கூடுவதற்கு அங்கே இருந்த ஒரே கூடம் ஜெயிலின் சாப்பாட்டுக்கூடம்.

அந்தக் காலையில் வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களும் ஜெயில் வாசலில் வரிசையில் நின்றார்கள். தொப்பி, கடிகாரம், பெரிய வெள்ளிக் கொக்கி போட்ட பெல்ட், எல்லாம் சோதனைத் தட்டில் போயிற்று. ஹெண்ட்ரிக் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அவருக்குப் பின்னால் நின்றிருந்த எல்வா இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் இந்த வரிசையில் நிற்பவள்.

"ரெண்டு கையையும் தூக்குங்க, மிஸ்டர் ராய்ஸ்," என்றாள். "உங்க வார்டுதானே, பழகிடும்."