லூர்தக்காவோட ‘ம்’

எங்க ஊர்ல மைக் செட்டையெல்லாம் லூர்தக்காவோட ‘ம்’முக்குத்தான் அளந்து வைக்கிறது. எடைக்கல்லுக்கு வருசா வருசம் முத்திரை குத்துவாங்கல்ல, அதே ஆபீஸ்லதான் அக்கா தொண்டைக்கும் குத்தியிருக்கு. கல்யாணமோ கோயில் கொடையோ, செட்டுக்காரன் பெட்டியத் தூக்கிட்டு வந்து அக்கா முன்னால மைக்க நீட்டுவான். அக்கா ‘ம்’ம்பா. பெட்டியில இருக்குற முள்ளு சைபர்ல வந்து நிக்கும். நிக்கலன்னா செட்டுலதான் கோளாறு, திருப்புளிய எடுன்னு அர்த்தம்.

அந்த ‘ம்’ல சந்தோசமும் கூடாது, சலிப்பும் கூடாது. எனக்கு யார் குரலும் அப்பிடியே வரும். ஒருக்கா நான் முத்திரை ஆபீசர் தர்மக்கண் சார் மாதிரி பேசிக் காட்ட, அக்கா லேசா சிரிச்சுட்டா. அந்த வாரம் பூரா சாவு அறிவிப்புகூட கெக்கெக்கேன்னுதான் வந்துச்சு.

அதுலருந்து அக்கா வீட்ல ‘ம்’ கொட்டுறதையே விட்டுட்டா. அரசாங்க ‘ம்’ ஆச்சே, வீட்டுக்குச் செலவழிக்கப்படாது. மக பிரின்ஸி பள்ளிக்கூடத்துக் கதையா வந்து சொல்லுவா. அக்கா செவுத்தப் பாத்து ஒக்காந்திருப்பா. பத்தொம்பது வருசமா செவுத்துக்குக் கதை சொன்ன புள்ள அது.

பிரின்ஸிக்குக் கல்யாணம் கூடுச்சு. அவ நகை கேக்கல, சீலை கேக்கல. “அன்னைக்கு ஒரு நாளாவது நா சொல்லுததுக்கு ‘ம்’ கொட்டும்மா”ன்னா.

அக்கா லீவு எழுதிக் குடுத்தா. தர்மக்கண் சாருக்கு மாவு மில்லு பெல்ட்டு ஓடுத மாதிரி குரலு. எடைக்கல்லு லீவு போட்டு எங்கயாச்சும் பாத்திருக்கியாம்மான்னு கேட்டு, மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாரு. முகூர்த்த நாளு வேற, முப்பத்தோரு செட்டு வருது. முள்ளு ஒரு கோடு அசைஞ்சாலும் அக்கா முத்திரையப் பறிச்சிருவாங்க.

அக்கா எங்கிட்ட வந்தா. “ஏலே சுந்தரபாண்டி, என் ‘ம்’ம நீ போடுதியா? உன் கேலி வாலு ஒண்ணும் சேக்கப்படாது.”

வாலு சேக்காம எனக்கு இருமக்கூட வராது. சரின்னுட்டேன்.

அன்னைக்கு அக்கா நாற்காலில நான் போயி ஒக்காந்தேன். என்ன மீசை மொளைச்சிருக்குன்னு யாரும் கேக்கல. அவங்களுக்கு வேண்டியது முள்ளு. இருவத்தொம்பது செட்டு சைபர்லயே போச்சு. ஒருத்தன் சட்டையத் திருப்பிப் போட்டுட்டு வந்து நின்னான், அதுக்கும் நான் ஒரு வார்த்த சொல்லல. அவ்ளோ நல்லவனா நான் ஒரு நாளும் இருந்ததில்ல.

முப்பதாவது செட்டுக்கு வாயத் தொறந்தேன். அந்நேரம் மாதா கோயில் முற்றத்துல பிரின்ஸி கதைய ஆரம்பிச்சிருக்கா, அக்கா அழுதுக்கிட்டே மொத ‘ம்’ கொட்டியிருக்கா. எங்கிட்ட இருந்தது அச்சு அசலா அக்கா தொண்டைதானே. என் வாயில வந்த ‘ம்’மும் அழுதுச்சு. முள்ளு சைபருக்கு ஒரு கோடு கீழ எறங்கி நின்னுச்சு.

தர்மக்கண் சார் முள்ளப் பாத்தாரு. என்னயப் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டி சட்டை நுனியில ரொம்ப நேரம் தொடச்சாரு.

“அளவு தப்பாது. ஊருதான் ஒரு கோடு கூடக் கெடக்கு. எறக்கிருவோம்.”

மத்தியானமே நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. கோயில் மணிக்கு ஒரு கோடு, பஸ் ஹாரனுக்கு ஒரு கோடு, மிக்சிக்கு ஒரு கோடு. மறுநாள் மீன்காரி செல்வமேரி எங்க வாசல்ல வந்து நின்னு, ரகசியம் சொல்லுத மாதிரி, “சாளை, சாளை”ன்னா.

அக்கா இன்னும் நாற்காலிக்குத் திரும்பல. பிரின்ஸி ஒண்ணாங்கிளாஸ்லருந்து ஆரம்பிச்சிருக்கா, இப்பத்தான் மூணாங்கிளாஸ் நடக்காம். அக்கா ‘ம்’ கொட்டுதா. மாப்பிள்ள பக்கத்துல ஒக்காந்து பணியாரம் திங்காரு.

திங்கக்கெழம முத்திரை குத்திக்க நானும் போனேன். என் சொந்தத் தொண்டையும் ஒரு கோடு கூடக் கெடக்காம். எனக்கு முன்னால காக்காயெல்லாம் வரிசையா நின்னுச்சு. கடைசியா நின்ன காக்கா, விண்ணப்பப் பாரம் எழுத பேனா கேட்டுச்சு. குடுத்தேன். மூடிய மட்டும் எங்கிட்ட வச்சுக்கிட்டேன்.