ஆறாம் நம்பர் காரின் பிரேக்

கம்பெனியில் அவருக்குப் பூஜ்ஜியம் என்று பெயர். திட்டுவதற்காக வைத்த பெயர் இல்லை, அது பட்டம். தானாக ஓடும் காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. கார் ஏதாவது கோக்குமாக்கு செய்தால் மட்டும் கையையோ காலையோ வைக்கலாம். அப்படி எத்தனை தடவை வைத்தார்கள் என்று வாரா வாரம் பட்டியல் வரும். மற்றவர்களுக்கு நாலு, ஏழு, ஒருவருக்குப் பதினொன்று. இவருடைய ஆறாம் நம்பர் காருக்கு எட்டு மாதமாகப் பூஜ்ஜியம். சாப்பாட்டு அறைச் சுவரில் அவர் படத்தை மாட்டியிருந்தார்கள். படத்தில் வாயெல்லாம் பல்.

சும்மா உட்கார்ந்திருப்பது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். இருபத்திரண்டு வருடம் டாக்ஸி ஓட்டிய உடம்பு அது. இந்த மாதிரிக் கார்கள் வந்து தொழில் படுத்துவிட்டது என்று கூட்டாளிகள் எல்லாரும் சாபம் விட்டுக்கொண்டிருந்தபோது, அதே கம்பெனி ஐம்பத்தோரு வயதில் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. அந்த நன்றி அவருக்கு எலும்பு வரை ஊறிப்போயிருந்தது. சட்டைப்பையில் இருந்தது கம்பெனியின் போன். மனைவி வீட்டில் தைக்கும் துணிப்பைகள் விற்பது கம்பெனியின் ஆன்லைன் கடையில். மகள் அந்த போனைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "போன்ல நாம மூணாவது இடம்தான், ஒத்துக்கறேன். ஆனா பேட்டரி எப்படி நிக்குது பாரு!" என்பார், என்னமோ ராத்திரி பகலாக அந்த பேட்டரியைத் தானே செய்தவர் மாதிரி.

வருகிற திங்கட்கிழமை முதல் கார்களில் ஆள் உட்கார வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. காலி இருக்கையோடு ஓடும். உட்கார்ந்திருந்த பதினாலு பேரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் திரையைப் பார்க்க வேண்டியது. அந்த அறைக்குத் தலைவர் யார் என்று கேட்க வேண்டுமா? பூஜ்ஜியம்தான். சுழலும் நாற்காலி, கதவில் பலகை, எல்லாம் தயார்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் பெரிய கூட்டம் போட்டார். பத்திரிகைக்காரர்கள், பங்குதாரர்கள், கோட்டு போட்டவர்கள். காரில் உட்காரும் பதினாலு பேரும் கடைசி வரிசையில்.

"போன்ல நாம மூணாவது. மறைக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தார் மேனேஜர். "ஆன்லைன் வியாபாரத்துல ரெண்டாவது. முதல்ல ஓடுறவன் மூச்சு வாங்குறது நமக்குக் கேக்குது. ஆனா தானா ஓடுற கார்ல? நாமதாங்க முதல்! மனுஷன் தலையிட்டது குறைச்சல்னா அது நம்ம கார்லதான். போட்டியில இருக்கிறவங்க ஏணி வச்சாலும் எட்டாது. ஒரு சின்னப் படம் போடறேன், பாருங்க."

திரையில் ஒரு தெரு முனை வந்தது. ஓரமாக ஒரு வேன். அதன் மறைவிலிருந்து ஐந்து அட்டைப்பெட்டிகள் அடுக்காகத் தெருவில் இறங்கின. பெட்டிகளுக்கு அடியில் இரண்டு கால்கள், பச்சைச் செருப்பு. கார் பதமாக வேகம் குறைந்து, இரண்டடி தள்ளி நின்றது. பெட்டிகள் பத்திரமாக அக்கரை சேர்ந்தன.

"பாத்தீங்களா! அந்தம்மா முகமே தெரியலை. ஆனா நம்ம கார் பாத்துடுச்சு!"

அரங்கமே கைதட்டியது. பூஜ்ஜியமும் தட்டினார். பச்சைச் செருப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? வீட்டு வாசலில் தினமும் தடுக்கி விழுகிற செருப்பு. மனைவி தைத்த பைகளைப் பெட்டியில் போட்டு, ஒன்பது மணிக்குள் ஆன்லைன் கடையின் சேகரிப்பு நிலையத்தில் கொடுக்க எட்டு நாற்பதுக்கு அந்த முனையைக் கடப்பாள். அதே நேரத்துக்கு ஆறாம் நம்பர் காரும் அங்கே வரும். எந்த வழியில் போகிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்ததால் அவர் மூச்சு விடவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் இருப்பது யாரென்று அவளுக்கும் தெரியாது.

பெருமையாக இரண்டு தட்டு தட்டியவருக்கு மூன்றாவது தட்டுக்குக் கை எழவில்லை. கார் எங்கே பார்த்தது? பார்த்தது அவர் அல்லவா!

அந்த முனைக்கு முந்தின வளைவிலேயே அவர் வலது கால் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துவிடும். மிதித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைப்பதுபோல ஒரு வைப்பு. நாற்பதில் வந்த கார் இருபதுக்கு இறங்கும். இருபதில் வரும்போது அந்தப் பெட்டிகளைக் கண்டுபிடித்து நிற்கக் காருக்கு நேரம் கிடைக்கும். மேடுபள்ளத்தில் கால் தெரியாமல் படுவதையெல்லாம் தலையீடு என்று எழுத வேண்டாம் என்பதற்காக, லேசான தொடுதலைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். எட்டு மாதம், தினமும். சத்தியமாக அவருக்கே தெரியாமல் செய்த வேலை.

திங்கட்கிழமை அந்த இருக்கையில் கால் இருக்காது.

அன்று முழுக்க மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. கால் வைக்காவிட்டாலும் கார் தானே நின்றிருக்குமோ என்னவோ. சோறு போட்ட கம்பெனியை ஊரெல்லாம் பார்க்கக் கவிழ்க்கலாமா? போனில் மூன்று, வியாபாரத்தில் இரண்டு, பாவம், முதலிடம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான். அதையும் தன் கையால் பிடுங்குவதா?

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலையில் வலது காலைப் பின்னுக்கு இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டார். வளைவு வந்தது. வேன் நின்றது. பெட்டிகளுக்குக் கீழே பச்சைச் செருப்பு தெரிந்ததுதான் தாமதம், கால் அவரைக் கேட்காமலே பிரேக்குக்குப் போய்விட்டது. பெண்டாட்டியை வைத்துப் பரீட்சை எழுத எந்த மனிதனால் முடியும்?

மத்தியானம் நேராக இன்ஜினியரம்மாவின் அறைக்குப் போனார். முப்பது வயது இருக்கும், கெட்டிக்காரப் பெண், இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மா, அந்தப் படத்துல பாத்தது கார் இல்லம்மா. நான்."

மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் பட்டியலில் சேர்க்காமல் விட்ட லேசான தொடுதல்களைத் திரையில் எடுத்தாள். எட்டு நாற்பது, எட்டு நாற்பது, எட்டு நாற்பத்தொன்று என்று வரிசையாக விழுந்தன. அவர் தலையைத் தொங்கப் போட்டார். அவள் மற்ற கார்களின் பதிவையும் திறந்தாள்.

"அண்ணே, இது நீங்க மட்டும் இல்லை. ரெண்டாம் நம்பர்காரர் தினமும் ஒரு பள்ளிக்கூட வாசல்ல. ஒன்பதாம் நம்பர்காரர் ஒரு ஆஸ்பத்திரி முன்னாடி. ஆளாளுக்கு ஒரு இடம் வச்சிருக்கீங்க."

"ரெண்டாம் நம்பர்காரரோட பையன் அந்தப் பள்ளிக்கூடத்துலதாம்மா படிக்கிறான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "மேனேஜர் சார், நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வரணும். இல்ல சார், தள்ளிப் போட முடியாது."

சனிக்கிழமை காலை, கம்பெனியின் சோதனை மைதானம். ஒரு வேனை நிறுத்தி, அதன் மறைவிலிருந்து சக்கரம் வைத்த பொம்மையை விட்டார்கள். பொம்மையின் கையில் ஐந்து காலிப் பெட்டிகள். ஆறாம் நம்பர் கார் ஆளில்லாமல் நாற்பதில் வந்தது. பிரேக் போட்டது, போடவில்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் போட்ட நேரத்தில் காலம் கடந்துவிட்டது. பெட்டிகள் நாலா பக்கமும் பறந்தன, பொம்மை குப்புற விழுந்தது.

பூஜ்ஜியம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெறும் பிளாஸ்டிக் என்று கண்ணுக்குத் தெரிகிறது, நெஞ்சுக்குத் தெரிந்தால்தானே!

மேனேஜர் சிதறிக் கிடந்த ஒரு பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "இதைக் கூட்டத்துக்கு முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?" என்று ஒரு கத்து கத்தினார். அப்புறம் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "படத்துல வந்தவங்க யாரு, உங்க வீட்டம்மாவா?"

"ஆமா சார்."

"முதலிடம் போச்சு. நாலாவதோ அஞ்சாவதோ. பத்திரிகையில கிழிகிழின்னு கிழிப்பான். கிழிக்கட்டும்." இவர் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை நடந்திருந்தா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்திருப்பேன்? நல்லவேளை சொன்னீங்க. நல்லா இருங்க."

காலி இருக்கைத் திட்டம் தள்ளிப்போனது. கார் கற்றுக்கொள்ளும் வரை பதினாலு பேரும் பழையபடி உட்கார வேண்டும், லேசாகக் கால் பட்டாலும் இனி பட்டியலில் ஏறும். சுழல் நாற்காலி கிடையாது. அதற்காக அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாற்காலியில் ஏற்கெனவே இரண்டு தடவை உட்கார்ந்து சுற்றிப் பார்த்திருந்தார். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது, கத்திவிட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்த மேனேஜரையும், தள்ளிப் போட முடியாது என்று சொன்ன அந்தப் பெண்ணையும் நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. கொடுத்துவைத்தவன் நான் என்று தெருவில் வாய்விட்டே சொன்னார்.

வீட்டில் மனைவி பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். வழியைச் சொல்லிக்கொள்ளலாம் என்று மேனேஜரே அனுமதி கொடுத்திருந்ததால், ஆதியோடு அந்தமாகச் சொன்னார்.

"அந்த வெள்ளைக் கார்ல நீங்களா இருந்தீங்க?" டேப் அந்தரத்தில் நின்றது. "அடக் கடவுளே. அந்தக் கார் தினமும் நின்னு வழி விடுதேன்னு நான் கம்பெனிக்கு எழுதிப் போட்டேங்க. பை விக்கிற இடத்துலயே கருத்து எழுத ஒரு கட்டம் இருக்கே, அதுல. ஒரு தடவை இல்ல, பதினாலு தடவை நன்றி சொல்லியிருக்கேன்!"

"இருக்கட்டும் விடு. நமக்கு எவ்வளவோ செஞ்ச கம்பெனிதானே. திருப்பிக் கேக்காதே."

"கேக்கலை. உங்களுக்கு யார் சொல்றது?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிக்கொண்டதே கிடையாது. கடைக்காரருக்குச் சொல்வார்கள், டாக்டருக்குச் சொல்வார்கள், வழி சொன்னவனுக்குக்கூடச் சொல்வார்கள். வீட்டுக்குள் சொன்னால் ஏதோ அசலார் ஆகிவிட்டது போலிருக்கும்.

அவள் டேப்பைக் கீழே வைத்தாள். "வெளியாளுக்குப் பதினாலு தடவை சொன்ன வாய்தானே இது" என்றாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அடுக்கியிருந்த பெட்டிகளில் மேலே இருந்த இரண்டை இறக்கித் தனியாக வைத்தார்.

"இனிமே மூணுக்கு மேல தூக்காதே. ரெண்டு நடையாப் போ" என்றார்.

"போறேன்" என்றாள் அவள்.