கிரகண நாளில் ஒரு மெதுவடை

ஊரார் சண்டை என்றால் தண்டபாணிக்கு அப்படியொரு தைரியம். எங்கோ ஒரு சினிமாவில் நாலு காட்சியை வெட்டினாலும், எங்கோ ஒரு கண்காட்சியில் ஓவியத்தைக் கழற்றினாலும், பாடப்புத்தகத்திலிருந்து ஓர் அறிவியல் பாடத்தைச் சத்தம் போடாமல் எடுத்தாலும், ஹைதராபாத் உப்பலில் மூன்றாம் மாடி சோபாவில் உட்கார்ந்தபடியே டிவியைப் பார்த்துக் கையை நீட்டுவார்.

"கலைக்குக் கத்திரி போட இவனுங்க யாரு? விஞ்ஞானத்துக்கு வாய்ப்பூட்டா? நானா இருந்தா ஒரு எழுத்தைத் தொட உட்டிருக்க மாட்டேன்!"

டிவி திருப்பிப் பேசுமா என்ன? எல்லா விவாதத்திலும் அவரே ஜெயித்துவிட்டுச் சாப்பிடப் போவார்.

மனுஷன் லேசுப்பட்டவரும் இல்லை. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் தரச்சோதனைப் பிரிவு. ஒரு திருகாணி கோணலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்ப வேண்டுமானால்கூட, கோணல் என்று சொன்னது யார், எங்கே கையெழுத்து என்று கேட்பார். "யாரோ சொன்னாங்க" என்று எவனாவது வந்து நின்றால் தொலைந்தான். கோயமுத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். பாதி ஆயுளை ஹைதராபாத்தில் கழித்தாயிற்று. உப்பல் தமிழ் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு ஹோலி விடுமுறை அன்று மண்டபம் கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற நாளெல்லாம் கல்யாணம், காதுகுத்து என்று நிரம்பி வழியும் மண்டபம், கேட்டவுடன் காலி என்றார்கள். வீட்டுக்கு வந்து பெருமையடித்தார். அவர் மனைவி வசந்தகுமாரி ஜூனியர் காலேஜில் இயற்பியல் சொல்லித்தருபவள். தேதியைக் கேட்டவள் செல்போனில் எதையோ பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள், "இந்த வருஷ நாடகத்தை நானே எழுதறனுங்க" என்றாள். எதற்குச் சிரித்தாய் என்று கேட்கவேண்டும் என்று நம் செயலாளருக்குத் தோன்றவில்லை.

நாடகம் இதுதான். சந்திர கிரகண நேரத்தில், நேரம் காலம் தெரியாமல், வானியல் படித்த மாப்பிள்ளை ஒருவன் பெண் பார்க்க வந்துவிடுகிறான். பெண் வீட்டில் எல்லோரும் பசியோடு சுருண்டு கிடக்கிறார்கள். சுட்டு வைத்த மெதுவடையின் மேல் தோஷம் படாமலிருக்கத் தர்ப்பைப் புல். காபி டம்ளரைச் சூரியனாக்கி, வடையை நிலாவாக்கி மாப்பிள்ளை கிரகணம் சொல்லித்தருகிறான். கடைசியில், "நிழல் விழுந்தது நிலா மேலே, என் வடை மேலே இல்லையே!" என்று ஒரு கடி. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுக் கல்யாணப் பெண்ணும் ஒரு வடையை எடுக்கிறாள். அதோடு இடைவேளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டபாணி வீட்டுக் கூடத்தில் மன்றத்தார் நாடகத்தை வாசித்தார்கள். மாப்பிள்ளை வேஷம் ஆண்டனிக்கு, பேகம்பேட்டில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பையன். நாடகத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று வசந்தகுமாரி நிஜமாகவே வடை சுட்டுப் பரிமாறினாள். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தண்டபாணி மட்டும் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர், காட்சி முடிந்துதான் வந்தார்.

மறுவாரம் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் துணைச் செயலாளர் விஸ்வநாத் ஒரு வரி போட்டார்: 'வடை தின்னும் காட்சியால் சிலர் மனம் புண்பட்டுள்ளதாகத் தெரிகிறது.'

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது தீ. நாடகத்தைப் படிக்காதவர்கள்தான் முதலில் பொங்கினார்கள். ஒருவர் கிரகணத்தில் விஷக் கிருமி என்றார். இன்னொருவர் அப்படியானால் மாவு ஆட்டுகிறவன் கடையைச் சாத்தவேண்டாமா என்றார். நடுவில் ஒருவர் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ அனுப்பினார். சாயங்காலத்துக்குள் செயலாளர் என்ன செய்யப்போகிறார் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செயலாளர் என்ன செய்தார்? வெட்டினார். 'அனைவரின் உணர்வையும் மதித்து வடைக் காட்சி நீக்கப்படுகிறது. மாப்பிள்ளை வடையைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்' என்று தட்டி அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

வசந்தகுமாரி போனைப் பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"செயலாளர் ஐயா அவர்களே, அந்தக் காட்சி இல்லையென்றால் நாடகமும் இல்லை. நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கள் இட்லி மேசை மேல் இருக்கிறது" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் சுத்தமான மேடைத் தமிழ்தான். 'ஏனுங்க' போயே போய்விட்டது. செயலாளர் ஐயா, தங்கள் துண்டு. செயலாளர் ஐயா, கேஸ் தீர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த அந்த ஒரு 'ஏனுங்க' இல்லாமல் வீடே ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

"ஏம்புள்ள, நான் என்ன வேணும்னா பண்ணினேன்? நாலு பேரு மனசு..."

"எந்த நாலு பேர், செயலாளர் ஐயா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். மகள் ஸ்ரேயா வேறு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, டிவி முந்தர நுவ்வேகதா செப்பாவு? ஒரு எழுத்தைத் தொட உட்டிருக்க மாட்டேன்னு?" டிவி முன்னால் நீதானே சொன்னாய் என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, அவருடைய கொங்குத் தமிழை அச்சாக அவர் மாதிரியே கையை நீட்டிச் சொல்லிக் காட்டினாள். சமையலறையில் வசந்தகுமாரி சிரிப்பை அடக்குவது கேட்டது. தண்டபாணிக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

அன்று இரவு அவருடைய தரச்சோதனைப் புத்தி விழித்துக்கொண்டது. ஒரு திருகாணிக்குக் கையெழுத்துக் கேட்கிறவன், ஒரு காட்சியை வெட்ட யாரைக் கேட்டேன்? 'சிலர்' என்றால் எவர்? ஆட்சேபித்தவரை நேரில் பார்த்துக் கேட்டுவிடவேண்டியதுதான்.

ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பேகம்பேட்டில் விஸ்வநாத்தின் அலுவலகத்தில் போய் நின்றார்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல சார், நான் கிரகணத்தன்னைக்கு பிரியாணியே சாப்பிடுவேன்" என்றார் விஸ்வநாத். "கிருஷ்ணபிரசாத்துக்குத்தான் ரொம்ப வருத்தம்னு தோணிச்சு."

கிருஷ்ணபிரசாத் இருப்பது பட்டான்செருவில், மருந்துத் தொழிற்சாலையில் கெமிஸ்ட். ஊரின் அந்தக் கோடி. ஷேர் ஆட்டோவில் ஆறு பேரோடு நெருங்கி உட்கார்ந்து, முழங்காலை யாரோ ஒருவருடைய டிபன் கேரியருக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நாலு தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கும் குடும்பம் கிருஷ்ணபிரசாத்துடையது; இல்லை என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று ஊர் உருது கலந்துதான் அவருக்குத் தமிழ் வரும்.

"எனக்கு வருத்தமா? நக்கோ சார்! நானே கெமிஸ்ட்ரி ஆளு, கைக்கு வருத்தப்படணும்? ராமசுவாமி சார் முகம் வாடிப்போச்சு, அவரைப் பார்த்துத்தான் விஸ்வநாத்கிட்ட சொன்னேன்."

"நெசமாவா?"

"ஹவ் சார், சத்தியமா."

திரும்பி வரும் வழியெல்லாம் தண்டபாணி யோசித்துக்கொண்டே வந்தார். இத்தனை வருஷம் டிவியில் பார்த்த சண்டைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கழற்றிய ஓவியம், நிறுத்திய நாடகம், காணாமல் போன பாடம். எல்லாவற்றிலும் இந்தச் 'சிலர்' இருந்தார்களே, அவர்கள் வீட்டுக் கதவை எவனாவது ஒருவன் போய்த் தட்டினானா? வெட்டினவர்கள் எல்லோரும் அரக்கர்கள் என்று நினைத்திருந்தார். அட, பாதிப் பேர் தன்னைப்போலத் தொந்தரவு ஒழிந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டவர்களாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றியது. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

கடைசியில் ராமசுவாமி வீடு. மன்றத் தலைவர், பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் ரேடார் செய்து ஓய்வு பெற்றவர். கிரகணம் என்றால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது, பிடிக்கும்போது ஒரு குளியல், விடும்போது ஒரு குளியல், நடுவில் ஜபம். புண்பட்டிருந்தால் இவர் மனசுதான் புண்பட்டிருக்கவேண்டும். தண்டபாணி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எனக்கென்னய்யா வருத்தம்?" என்றார் ராமசுவாமி. "நான் சாப்பிடமாட்டேன், அது என் சௌகரியம். நாடகத்துல ஒருத்தன் சாப்பிட்டா என் ஜபம் கலைஞ்சுடுமா? வசந்தா பேஷா எழுதியிருக்கா. நான் வருத்தப்பட்டது உம்மை நினைச்சுன்னா!"

"என்னையா?"

"பின்னே? அந்த இடம் வந்ததும் உமக்கு முகமெல்லாம் செவந்துபோச்சு. கண்ணுல ஜலம். பொண்டாட்டி எழுதினதாச்சே, சொல்லவும் முடியாம மெல்லவும் முடியாம எழுந்து போயிட்டீர். பாவம், ஆத்துக்குள்ளேயே இப்படி ஒரு சங்கடமான்னு கிருஷ்ணபிரசாத்கிட்ட சொன்னேன்."

தண்டபாணி வாயைப் பிளந்தார். அன்று கடித்த வடைக்குள் முழுசாக ஒரு பச்சைமிளகாய் இருந்தது. வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது துப்பவும் முடியாமல் தண்ணீருக்கு ஓடினார். அடக் கடவுளே! உப்பலில் கடித்த மிளகாய் பட்டான்செருவரைக்கும் போய், பேகம்பேட் வழியாகத் திரும்பி வந்து, தன் வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறது. ராமசுவாமியின் வாசலிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயம் புரிந்ததும் ராமசுவாமியும் சேர்ந்துகொண்டார்.

அங்கிருந்தே குழுவில் போட்டார்: 'தீர விசாரித்ததில் புண்பட்டவர் ஒரே ஒருவர். அவர் அடியேன். புண்பட்டது நாக்கு, காரணம் பச்சைமிளகாய். வடைக் காட்சி உண்டு.'

வீட்டுக்கு வந்தால் வசந்தகுமாரியின் கண்ணில் சிரிப்பு இருந்தது. ஆனாலும் அசைந்து கொடுக்கவில்லை. "நடக்கட்டும், பார்க்கலாம், செயலாளர் ஐயா."

அவள் சொன்னதற்கு அர்த்தம் விழாவுக்கு முதல்நாள்தான் தெரிந்தது. மண்டப மேனேஜர் யாதகிரியிடம் சாவியைப் பற்றிப் பேசும்போது, ஹோலிக்கு எப்படி ஹால் காலியாக இருந்தது என்று பெருமையாகக் கேட்டார் தண்டபாணி. யாதகிரி அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"கிரகணம் ரோஜு ஹால் எவரு தீஸுகுண்டாரு சார்?"

கிரகணத்தன்று எவன் மண்டபம் எடுப்பான்! ஆபீஸ் காலண்டரில் விடுமுறையின் சிவப்பை மட்டும் பார்த்துத் தேதி குறித்தவர் தண்டபாணி. பஞ்சாங்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. நிலா உதிக்கும்போதே கிரகணத்தோடு உதிக்கிறது. ஆறே முக்கால் வாக்கில்தான் விடுகிறது. வடைக் காட்சியும், ஆறரை மணி இடைவேளையில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லியிருந்த வடை காபியும் நட்ட நடுக் கிரகணத்தில்!

குழுவில் மறுபடியும் நெருப்பு. நாடகத்தில் தின்றால் சரி, நிஜக் கிரகணத்தில் தின்பதா? அந்தக் காட்சியை மட்டும் ஒரு தடவை விட்டுவிடலாமே என்று பலர் எழுதினார்கள். தண்டபாணியின் விரல் போனுக்கு மேலே நின்றது. ஒரு வரி தட்டினால் தொல்லை விட்டது. எதிரே வசந்தகுமாரி நின்றுகொண்டிருந்தாள். தேதி சொன்ன அன்றைக்கே அவள் சிரித்தது இதற்குத்தான் என்று இப்போது அவருக்கு உறைத்தது.

'நாடகத்தில் ஓர் எழுத்தும் மாறாது' என்று தட்டினார். 'யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொந்தப் பெயரில், தனக்காக மட்டும் எழுதவும். அடுத்தவர் மனதுக்காக எழுதவேண்டாம்.'

உடனே ராமசுவாமி எழுதினார்: 'நான் சாப்பிடமாட்டேன். ஆனால் முதல் வரிசையில் இருப்பேன். தர்ப்பை நான் கொண்டுவருகிறேன்.' அதற்குப் பிறகு யாருக்கு எழுதக் கை வரும்?

விழா அன்று நாற்காலி போதவில்லை. சண்டை நடந்த இடத்தைப் பார்க்க நம் ஜனங்களுக்கு என்றுமே ஆசைதான். ராமசுவாமி சொன்னபடி வடைப் பாத்திரங்கள் மேல் தர்ப்பையைப் போட்டுவிட்டு, "வேணுங்கறவா இப்பவே எடுத்துக்கலாம், வேண்டாதவா விட்டப்புறம் எடுத்துக்கலாம், தீர்ந்தது விஷயம்" என்று உட்கார்ந்தார். மேடையில் ஆண்டனி வடையைத் தூக்கி, "நிழல் விழுந்தது நிலா மேலே, என் வடை மேலே இல்லையே!" என்றபோது கூட்டமே மூச்சைப் பிடித்தது. கடித்தான். மொறுமொறு சத்தம் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. மதியத்திலிருந்து பட்டினி கிடந்த முதல் வரிசையிலிருந்து ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம் எழுந்த கைத்தட்டலில் கல்யாணப் பெண்ணின் வசனமே கேட்கவில்லை.

இடைவேளையில் வசந்தகுமாரி எல்லோரையும் மொட்டைமாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். உப்பல் கட்டிடங்களுக்கு மேலே, சாயங்கால வெளிச்சத்தில் நிலா வந்துகொண்டிருந்தது. யாரோ ஓரத்தைக் கடித்துவிட்டு வைத்த வடை மாதிரியே இருந்தது. குழந்தைகள் கூச்சல் போட்டன. "பேஷ், பேஷ்!" என்று ராமசுவாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஜபத்தை மறந்து அப்படியே பார்த்துக்கொண்டும் நின்றார்.

வடைத் தட்டு வந்தது. கை நீட்ட ஒருவரும் துணியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லோருமாகச் செயலாளரைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து கிரகணத்தில் ஒரு பருக்கை தின்றறியாதவர் தண்டபாணி. அவர் நிலாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பாதியை ஒரே கடியாகக் கடித்தார்.

முழுசாக ஒரு பச்சைமிளகாய்!

காது அடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் இந்த முகம் ஊருக்குள் என்னென்ன வேலை செய்யும் என்று அவருக்கு இப்போது தெரியுமே! எரியும் வாயை இரண்டு காதுவரைக்கும் இழுத்துச் சிரித்துக்கொண்டு, மென்று, முழுங்கி, மொட்டைமாடி முழுவதற்கும் கேட்கும்படி கத்தினார்: "பிரமாதமா இருக்குது! ஒருத்தர் மனசும் புண்படலை! எல்லாரும் எடுங்க!"

ஸ்ரேயா முதல் ஆளாக எடுத்தாள். தட்டு நகர ஆரம்பித்தது. கண்ணீர் வழிய இன்னமும் சிரித்துக்கொண்டிருந்த தண்டபாணியின் பக்கத்தில், கையில் சொம்போடு வசந்தகுமாரி வந்து நின்றாள்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக, "தண்ணி வேணுங்களா?"