நினைவஞ்சலிக்குக் கீழே அண்ணாச்சி படம்

தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் செய்து, 'பொருநை' என்று பெயர் வைத்து, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தோம். நாங்கள் என்றால், ஜாபேஸ் நிரல் எழுதினான், அவன் மனைவி டார்லின் எழுத்துகளை வரைந்தாள், நான் டீ வாங்கிக் கொடுத்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் என் பெயரில் இருந்ததால் எனக்கு நிறுவனர் என்ற பட்டமும் உண்டு.

யாரும் எடுத்துக்கொள்ளலாம், மூல நிரலைத் திறந்து மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். "அப்ப நமக்கு என்னதாம்லே மிஞ்சும்?" என்று கேட்டேன். "பேரு" என்றான் ஜாபேஸ்.

டார்லின் ஓவிய டீச்சர். கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தாக வரைவாள், பிடிக்காவிட்டால் கிழிப்பாள். 'ழ'வின் சுழிப்பைப் பற்றிப் புருஷனோடு சண்டை போட்டு அம்மா வீட்டுக்கே போனவள். மற்ற வீடுகளில் நகைக்குப் போவார்கள். கடைசி எழுத்தையும் வரைந்து முடித்த அந்த மழைக்காலத்தில், தொண்ணூற்றெட்டில், அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை.

அதற்குப் பிறகு ஜாபேஸுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பொருநையின் பக்கத்தை யார் திறந்தாலும் முதலில் டார்லின் பெயர் தெரியவேண்டும்.

"கல்லறையில பேரு வெட்டியிருக்குலே. அதை நானும் அவ அம்மையும்தான் பாக்கோம். இது அப்படியா?"

பக்கம் இணையத்தில் நிற்க வேண்டுமென்றால் இடத்துக்கும் இணைப்புக்கும் ஆண்டுதோறும் யாராவது பணம் தரவேண்டும். என் சென்டர் அப்போது என்னையே தாங்கிக்கொண்டிருக்கவில்லை. கடைசியில் பாத்திரக்கடை அப்பாத்துரை அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். துபாயில் இருக்கும் அவர் மருமகன் நேசையா, இனிமேல் பெரிய கடையென்றால் இன்டர்நெட்டில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தான்.

வெளிநாட்டில் இப்படி இலவசமாகக் கொடுப்பவர்கள், உதவிய கம்பெனியின் முத்திரையைப் பக்கத்தின் அடியில் சின்னதாக வைக்கிறார்கள் என்று அண்ணாச்சிக்குக் காட்டினேன்.

"அடியிலயா? கல்யாணத்துக்கு மொய்யையும் வாங்கிட்டு என்னைய கடைசிப் பந்தியில உக்காரச் சொல்லுதீரோ?" என்றார். "கோயிலுக்கு டியூப்லைட்டு வாங்கிக் குடுத்தாக்கூட லைட்டு மேலயே பேரு எழுதுதான்வே. உபயம்னா கண்ணுல படணும்."

ஒருவழியாகப் பேசி முடித்தோம். மேலே டார்லின், அடுத்ததாக அண்ணாச்சி.

ஊரில் ஒட்டும் சுவரொட்டிகளைத் தவிர வேறு அழகியல் எங்களுக்குத் தெரியாது. ஆகவே உச்சியில் 'நினைவஞ்சலி' என்று பெரிதாக ஒரு படமாக்கிப் போட்டான் ஜாபேஸ். அதன் கீழே டார்லின் பெயரும், எழுத்துகளை அவள் வரைந்த கதையும் அவளுடைய எழுத்துகளிலேயே. அவள் புகைப்படம் போடவில்லை. இருந்த ஒரே நல்ல படம் கல்யாணப் படம், அதில் இவனும் நிற்கிறான். "ரெண்டு பேருக்கும் சேத்து அஞ்சலி ஆயிரும்லே" என்றேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான். அதற்குக் கீழே அண்ணாச்சியின் படம். கடையின் வெள்ளிவிழாவில் எடுத்தது, கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை.

ஒரு விஷயத்தை மட்டும் மூன்று பட்டதாரி மூளைகளும் யோசிக்கவில்லை. மன்னிக்க வேண்டும், இரண்டு மூளைகள். டார்லின் இருந்திருந்தால் யோசித்திருப்பாள். அவள் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டவர்களுக்குத்தான் அந்தத் தமிழ் தமிழாகத் தெரியும். மற்றவர்களுக்குக் கொக்கியும் கேள்விக்குறியுமாக வரும். படங்கள் மட்டும் எல்லாருக்கும் ஒழுங்காகத் தெரியும்.

துபாயில் நேசையா திறந்தபோது உச்சியில் நினைவஞ்சலி தெரிந்தது. நடுவே ஏதோ பூச்சி ஊர்ந்தது. அடியில் மாலையோடு மாமா சிரித்தார்.

அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால், தெருவே வாசலில் நிற்கிறது. போனில் நேசையாவின் அழுகையைக் கேட்ட அவர் மனைவி ஜெபகனி அக்கா, ரிசீவரைப் போட்டுவிட்டு மயங்கி விழுந்திருக்கிறார். பந்தல்காரனுக்கு யாரோ சொல்லி அனுப்பி, கம்பும் வந்து இறங்கிவிட்டது.

நாங்கள் ஓடினோம். விளக்கினோம். டார்லின் படத்தையும் போட்டுவிடுகிறோம், அப்போது குழப்பம் வராது என்றான் ஜாபேஸ்.

"வேண்டாம் தம்பி" என்றார் அண்ணாச்சி. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பையத்தான் பேசினார். "நான் எப்படியும் ஒருநாள் சாவத்தான போறேன். அதுக்கில்ல. இவ நான் கண்ணசந்தா போதும், மூக்குல கை வச்சுப் பாக்கா. சாவுச் செய்தியும் என் படமும் ஒரே பக்கத்துல இருக்கவேண்டாம். அந்தப் பிள்ளை பேரு இருக்கட்டும், நான் விலகிக்கிடுதேன். இல்ல, நான் இருக்கணும்னா அது வேண்டாம். நீயே முடிவு பண்ணு. கோவிச்சுக்கிடாத. அந்தப் பிள்ளை பேர்ல சர்ச்சுக்கு ஒரு பெஞ்சு வேணா வாங்கிப் போடுதேன்."

உள்ளே கட்டிலில் ஜெபகனி அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

சென்டருக்கு வந்ததும், "விடுலே, வேற உபயதாரரப் பிடிப்போம்" என்றேன். உபயதாரர்கள் வண்ணார்பேட்டை முக்கில் வரிசையில் நிற்பதுபோலச் சொன்னேன்.

ஜாபேஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். "பக்கமே இல்லன்னா அவ எழுத்தை யாரு எடுப்பா? பேரு போனாப் போவட்டும்லே. எழுத்தாவது நாலு இடத்துக்குப் போவட்டும்."

நினைவஞ்சலியை எடுத்தான். அவள் கதையை எடுத்தான். பெயருக்கு வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். நான் ஜன்னலுக்கு வெளியே, எனக்குச் சம்பந்தமேயில்லாத ஒரு மேலப்பாளையம் பஸ்ஸை மும்முரமாகப் பார்த்தேன். திரும்பியபோது பக்கத்தின் உச்சியில் அண்ணாச்சி வந்திருந்தார், 'பொருநை, உபயம்' என்று. மாலை இல்லாத வேறு படம்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பொருநையிலேயே அடித்திருந்தார். எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் அந்த எழுத்துகளில் எழுதி வந்த முதல் கடிதம். ஜாபேஸ் வாய்விட்டுப் படித்தான்.

"மதிப்பிற்குரிய அப்பாத்துரை ஐயா, தாங்கள் வரைந்த எழுத்துகளை எங்கள் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். குறிப்பாக 'ழ'. தலைப்புகளுக்குத் தடித்த எழுத்துகளும் தேவைப்படுகின்றன. ஐயா எப்போது வரைந்து தருவீர்கள்?"



"'ழ' நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றான்.

"அண்ணாச்சி வரைஞ்சா அண்டா மாதிரிலா இருந்திருக்கும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நானும்தான்.

"தடித்த எழுத்து வராதுன்னு பதில் போட்டுருதேன்" என்றான்.

"ஏன் வராதுன்னு கேப்பாங்களேலே?"

"காரணம் சொல்லணும்னா பேரு சொல்லணும்லா. எடுத்தாச்சு."

"பக்கத்துலேர்ந்துதான எடுத்த? கடுதாசிக்கு உபயதாரர் யாரும் கிடையாது. எழுது."

விசைப்பலகையை இழுத்தான். வணக்கம் சொன்னான், நன்றி சொன்னான். 'இந்த எழுத்துகளை வரைந்தவர் அப்பாத்துரை ஐயா அல்ல' என்று எழுதினான். 'டா' அடித்தான். 'ர்' அடித்தான். அதற்குமேல் அவன் விரல் நகரவில்லை.

நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினேனே தவிர, எனக்குத் தமிழ்த் தட்டச்சு வராது. 'லி' எங்கே இருக்கிறது என்று கேட்க ஆள் பக்கத்திலேயே இருந்தான், கேட்க முடியவில்லை. ஒவ்வொரு விசையாக அமுக்கி, தப்பாக வந்ததை அழித்து, மறுபடி அமுக்கி, ஒருவழியாக அவள் பெயரை முடித்தேன்.