வாயாடி நெவினுக்குக் கிடைத்த பதில்

அலெக்சாந்திரியா துறைமுகத்துக்கு எதிரே இருந்த கப்பல் ஏஜென்சிக்கு நெவின் மூன்று முறை இன்டர்வியூவுக்குப் போய்வந்துவிட்டாள். வரவேற்பு மேசை வேலை. கடைசித் தடவை மேலாளர் வக்தி கொய்யாச் சாறெல்லாம் வாங்கிக் கொடுத்து, "ரெண்டே நாள்ல நாங்களே கூப்பிடறோம்மா" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ரமலான் முடிந்தது. பெருநாளுக்குச் சுட்ட பிஸ்கட்டும் டப்பாவில் தீர்ந்துபோனது. அழைப்பு மட்டும் வரவில்லை. இவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளில்லை.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று ஒருநாள் காலையில் கிளம்பிப் போனாள். வரவேற்பு மேசை காலியாகக் கிடந்தது. உள்ளறைக் கதவு பாதி திறந்திருக்க, வக்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டிக்குள் வேகவைத்த அவரையைத் திணித்துக்கொண்டிருந்தார். வரவேற்பு மேசைமேல் இருந்த தொலைபேசி அலறியது. மனசு கேட்காமல் எடுத்தாள்.

"மேடம், நான் தமன்ஹூர்லேருந்து தவ்ஃபீக் பேசறேன். இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். என்னாச்சுன்னு..."

நெவினுக்குள் குறும்பு துள்ளியது. ரிசீவரின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சார், தமன்ஹூர் தவ்ஃபீக் கேக்கறாரு! வேலை உண்டா, இல்லையா?"

கணக்குப் பிரிவு மிர்வத் என்று நினைத்தாரோ என்னவோ, வக்தி திரும்பவேயில்லை. "இல்லைன்னு சொல்லித் தொலை! முதலாளி மச்சினிச்சி வரப்போறா."

"இல்லையாம் அண்ணே. முதலாளி மச்சினிச்சிக்காம்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "நீங்க நல்லா இருக்கணும்! இவங்களை நம்பி குவைத் வேலைக்குப் பதில் சொல்லாம இழுத்துக்கிட்டிருந்தேன்."

வைத்த கையோடு இன்னொரு அழைப்பு. ரஷீதிலிருந்து ஒரு பெண். அவளுக்கும் கேட்டுச் சொன்னாள். அவள் வக்தியை வாய்நிறையத் திட்டிவிட்டு, நெவினை வாழ்த்தி வைத்தாள்.

அடுத்து தன் முறை என்று நெவினுக்குத் தோன்றியது. "சார், நெவின்னு ஒரு பொண்ணு?"

"எந்த நெவின்? ஓ, அந்த வாயாடியா? அவளுக்கும்தான் இல்லை!"

சுருக்கென்றது. ஆனால் இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்த நொடியே இறங்கிப் போய்விட்டது.

"வாயாடிங்கறதையும் சேர்த்துச் சொல்லணுமா சார்?"

வக்தி திரும்பிப் பார்த்து, எழுந்து மேசைக்கு வந்தார். வாயில் ரொட்டி அப்படியே நின்றது. "நீங்களா! அது... நாங்களே கூப்பிடறதா..."

"வேண்டாம் சார், சிரமப்படாதீங்க. அதான் சொல்லிட்டீங்களே."

அதற்குள் மணி மறுபடி அடித்தது. நெவின் எடுத்து, "இதோ மேலாளரே இருக்காரு, அவரே சொல்லுவாரு" என்று அவர் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

படியிறங்கும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "அதாவது தம்பி... எப்படிச் சொல்றது..."

"இல்லைன்னு சொல்லுங்க சார்!" என்று கீழிருந்து கத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள் நெவின்.