நேராகக் கட்டிய தலை

மக்காசார் நகரத்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக சிடி ஸ்கேன் எடுக்கிறேன். அசைந்துவிட்டது என்று எந்த டாக்டரும் என் படத்தைத் திருப்பி அனுப்பியதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது, வேறென்ன.

செலாயார் தீவிலிருந்து ராஸ்தியானா தன் பதினான்கு மாதக் குழந்தை அவுலியாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் குழந்தைக்குக் கர்கர் என்று சத்தம். ஆஸ்துமா என்று ஒரு வருடம் மருந்து கொடுத்திருக்கிறார்கள், படுபாவிகள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்து மூச்சுக்குழாயை நெரிக்கிறதோ என்று எங்கள் அறுவை டாக்டருக்குச் சந்தேகம். அப்படியானால் ஒன்றை வெட்டிவிடலாம், குழந்தை பிழைத்துக்கொள்ளும். அதற்குப் படம் வேண்டும்.

மயக்க மருந்து ஏறிய பிறகும் குழந்தை தலையைப் பின்னால் சாய்த்தபடியே கிடந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. தலைக்கடியில் பஞ்சுத் திண்டு வைத்து, முகவாயைக் கீழே இறக்கி, நெற்றியில் பட்டையைக் கட்டினேன். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் கட்டுவேன்.

கதவருகே நின்ற ராஸ்தியானா, அண்ணனை அழைப்பதுபோல் என்னை டாயெங் என்று மரியாதையாக அழைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணாந்தே இருக்கட்டும், டாயெங். தலை குனிஞ்சா அவளுக்கு மூச்சு முட்டும். தூங்குறதே அப்படித்தான்."

"படம் எடுக்கிறது நானா, நீயாம்மா?"

நர்ஸ் சிரித்தாள். ராஸ்தியானாவும் சங்கடமாகச் சிரித்துவிட்டு வெளியே போனாள். மயக்க டாக்டர் குழந்தையின் கையில் ஏற்றிய ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்தைப் பார்க்கவில்லை.

படம் எடுக்க ஆறு நொடிதான். மானிட்டர் கத்தியபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. பட்டையை அவசரமாக அவிழ்த்தேன். டாக்டர் தொண்டையில் குழாய் இறக்கினார். நெரிந்த இடத்தைத் தாண்டி அது போகவே இல்லை. முக்கால் மணி நேரம் மார்பை அமுக்கிப் பார்த்தோம். குழந்தை போய்விட்டது.

திரையில் படம் வந்து நின்றது. இரண்டு ரத்தக்குழாயும் மூச்சுக்குழாயை வளையல் மாதிரி சுற்றியிருந்தன, அத்தனை தெளிவு. விஷயம் தெரியாத அறுவை டாக்டர் மாடியிலிருந்து போன் செய்தார். அருமையான படமாம். வியாழக்கிழமையே வெட்டிவிடலாமாம், தாயிடம் சொல்லிவிடச் சொன்னார். நான் போனை வைத்தேன். அழுகை கூட வரவில்லை, பாவி எனக்கு.

ராஸ்தியானாவிடம் மயக்க டாக்டர் ஏற்கெனவே பேசிவிட்டார், நோய் முற்றித்தான் குழந்தை போய்விட்டது என்று. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வெளியே போனேன். துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளே முதலில் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரர் வேணாம்னுதான் சொன்னாரு, டாயெங். வளர்ந்தா சரியாயிடும்னாரு. நான்தான் சண்டை போட்டுத் தூக்கிட்டு வந்தேன். எம் பிள்ளைய நானே கொன்னுட்டேன்."

இல்லையம்மா, நான்தான் என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வேலை போகும், போலீஸ் வரும் என்று நினைத்தேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள். தன்னால் எனக்குத்தான் எவ்வளவு சிரமம் என்று மன்னிப்புக் கேட்டாள். பிறகு, தானே கொன்றதாக நம்பிக்கொண்டு, குழந்தையோடு படகுத்துறைக்குப் போனாள்.