சுவரில் பதித்த சக்கர நாற்காலி

அந்தச் சேவைச் சங்கத்தில் ஒரு தீர்மானமாவது தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. தலைவர் "சரிதானே?" என்று கேட்பார், கைகள் மேலே போய்விடும். கொசு அடிக்கத் தூக்கிய கையும் கணக்கில் சேரும். கொட்டாவி விட்டுச் சோம்பல் முறித்தவர் இரண்டு கையையும் தூக்கியதால் இரண்டு ஓட்டு.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்தச் சங்கத்தின் இணைச் செயலாளர். ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பதே அவர் மாட்டிவிட்ட கண்ணாடி வழியாகத்தான். மீதிப் பேர் அவர் கடைக்கு வருவதாகக் கிளம்பி, கண் தெரியாமல் பக்கத்துச் சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மனிதர் அவ்வளவு ஒல்லி. காற்றடித்தால் கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அன்று மதியம் அவர் மனைவியின் அக்கா மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. பாக்கறவங்க எல்லாம் இன்னிக்கே வந்து பாத்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணத் தொறக்கறப்பல்லாம் தங்கச்சி வந்துட்டாளான்னுதான் கேக்கறாங்க."

தங்கச்சி எப்படி வருவாள்? படியில் வழுக்கி, தொடையிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மாடிவீட்டில் கிடக்கிறாள். ஆஸ்பத்திரி என்னவோ தெருக்கோடியில்தான். ஆனால் குழாய் பதிக்கிறோம் என்று தெருவைப் பாதாளம்வரை தோண்டிப் போட்டிருந்தார்கள். ஓரமாக நடைபாதை மட்டும் மிச்சம்; ஆட்டோ இல்லை, ஆட்டுக்குட்டிகூட யோசித்துத்தான் போகும். ஆஸ்பத்திரியின் தள்ளுநாற்காலியைக் கேட்டைத் தாண்டி அனுப்பமாட்டார்களாம்.

"போன்ல பேச வைக்கிறேன்" என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

"போன வச்சு என் அக்கா தலையத் தடவ முடியுமா?" என்றாள் மனைவி. அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். "எங்கம்மா முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. அவதான் எனக்கு எல்லாம். நீங்க ஏதாச்சும் பண்ணுங்க. இல்லன்னா நான் உருண்டுகிட்டே போறேன்."

உருளக்கூடியவள்தான். அப்போதுதான் அவருக்குப் பொறிதட்டியது. சங்கத்துக்குச் சொந்தமாகப் பளபளவென்று ஒரு சக்கர நாற்காலி இருக்கிறதே! தலைவரின் பர்னிச்சர் கடைக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பூனை படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் போன மாதக் கூட்டம் முழுவதும் அவருக்கு ஞாபகம் வந்தது.

சங்கத்தின் தொண்டுகளை ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்ட ஏற்பாடு. நடுவில் தலைவர் ஒரு மூதாட்டிக்குச் சக்கர நாற்காலி வழங்கும் காட்சி. ஓவியர் அம்மா முதலில் ஒரு மாதிரிப் படம் வரைந்து காட்டியபோது, பொருளாளர், "சக்கரம் நசுங்கின தட்டு மாதிரி இருக்கே" என்றார். தலைவருக்கு உடனே ஞானம் பிறந்தது. "அப்ப நிஜ நாற்காலியையே சுவத்துல பதிச்சுடுவோம். தொட்டே பாக்கலாம். சரிதானே?" கைகள் எழுந்தன. கண்ணாடிக்கடைக்காரர் அந்த நேரத்தில் தம் கண்ணாடியைத் துடைத்து, அழுக்குப் போயிற்றா என்று விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "இணைச் செயலாளரும் ஆமோதிக்கிறார்" என்று பதிவாகிவிட்டது.

சுவரடிக்கு ஓடினார். சாயங்காலம் திறப்புவிழா. மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று ஊரையே விசாரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஓவியத்தை மூடியிருந்த திரையை விலக்கினார். கண் சிகிச்சை முகாமில் யானை அளவு தலைவர். குடிநீர்க் குழாயடியில் தலைவர். ரத்ததானக் கட்டிலில் தலைவர் சிரித்தபடி படுத்திருந்தார். உதவி பெற்ற ஜனங்கள் எல்லாம் அவர் முழங்காலுக்குக் கீழே எறும்பு வரிசை. நடுவில் கைப்பிடிவரை சிமெண்டில் புதைந்து அந்த நாற்காலி.

"தலைவரே, நாற்காலி வேணும்."

"மேடையில எத்தனையோ கெடக்கு. உக்காருங்களேன்."

"சக்கரம் வச்சது வேணும். வீட்டுக்காரியோட அக்கா உள்ள வார்டுல சாகக் கெடக்கறாங்க. இவளால நடக்க முடியாது."

"அடடா" என்றார் தலைவர், மைக்கிலேயே. தெரு முழுக்க அடடா கேட்டது. "ஆனா சீஃப் கெஸ்ட் வர்ற நேரமாச்சே. நாளைக்குக் காலைல பாப்போம்."

"நாளைக்கு அவங்க இருக்கமாட்டாங்க."

தலைவர் மைக்கை அணைப்பதற்குள், கண்ணாடிக்கடைக்காரர் குழி தோண்டுகிறவர்களிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கிவந்துவிட்டார். கடப்பாரை அவரைவிடக் கனம். யார் யாரைத் தூக்குகிறார்கள் என்றே தெரியவில்லை. முதல் குத்தில் ஓவியத்துக் குடிநீர்க் குழாய் போயிற்று. இரண்டாவதில் தலைவரின் தொடை. ஓரத்தில் கடைசி வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஓவியர் அம்மா கூச்சல் போடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்தார்.

"நிறுத்துங்க சார். அதுக்குப் பின்பக்கம் கெடையாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"முழுசாப் பதிச்சா தெருவுல ரொம்ப நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு, கொத்தனார் ரம்பம் போட்டு நெடுக்கால பாதியா அறுத்துட்டாரு. மீதிய எங்க போட்டாருன்னு தெரியல."

அவர் நம்பவில்லை. இன்னொரு குத்து. ஒற்றைச் சக்கரமும், அரை இருக்கையும், ஒரே ஒரு கைப்பிடியுமாக, கீற்றுப் போட்ட பழம்போல அது அவர் மடியில் வந்து விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையில் போன் அடித்தது. "சித்தப்பா, கெளம்பிட்டீங்களா இல்லயா?" கண்ணாடி முழுக்கச் சிமெண்டுத் தூள், துடைக்கவும் தோன்றவில்லை.

போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்து நேரே மேடையேறினார். சீஃப் கெஸ்டுக்கென்று சிவப்பு வெல்வெட்டில் ஒரு சிம்மாசனம் போட்டிருந்தார்கள். ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம். அதைப் பிடித்து இழுத்தார். ஒரு அங்குலம் நகர்ந்தது.

"என்ன பண்றீங்க?" என்றார் தலைவர்.

"இதுல உக்கார வச்சுத் தூக்கிட்டு வரப்போறேன். யாரெல்லாம் வர்றீங்க?"

ஒரு கைகூட எழவில்லை.

"யாராச்சும் வாங்கப்பா" என்றார். "கால்ல வேணா விழறேன்."

ஓவியர் அம்மா வந்து சிம்மாசனத்தின் ஒரு காலைப் பிடித்தார். கடப்பாரைக்குச் சொந்தக்காரர்கள் குழியிலிருந்து ஏறிவந்தார்கள். பொருளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். தலைவருக்கோ அது தம் கடைச் சரக்கு ஆயிற்றே என்ற பதைப்பு. "பாத்து, பாத்து, வெல்வெட்டு கிழிஞ்சுடும்" என்று நான்காவது காலைத் தாமே பிடித்துக்கொண்டார்.

அவளை அதில் உட்கார வைத்து மாடிப்படியில் இறக்கியபோது தலைவருக்கு மூச்சுத் திணறியது. "அம்மா என்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டார்.

"பேசாம தூக்குங்கண்ணே" என்றாள் மனைவி.

மாவுக்கட்டுக் கால் பீரங்கிபோல முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, ஊர்வலம் நடைபாதையில் போயிற்று. எதிரே சீஃப் கெஸ்ட் வந்தார். அந்தக் கால் அவர் நெஞ்சுக்கு நேரே வந்ததும் ஈர ஓவியத்தோடு ஒட்டி நின்று வழிவிட்டார். முதுகில் பச்சை, நீலம், பாதிக் கண் முகாம். யாரும் நின்று வணங்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் முன்னால் ஓடி ஓடி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று காலி இடத்தைக்கூட விரட்டிக்கொண்டிருந்தார்.

வார்டு வாசலில் சிம்மாசனம் சிக்கிக்கொண்டது. அப்படித் திருப்பினார்கள், இப்படிச் சாய்த்தார்கள். சிங்க முகக் கைப்பிடி கதவு நிலையில் மோதிக்கொண்டு அசைய மறுத்தது. உள்ளே, அந்தக் கோடிக் கட்டிலில் அக்கா. கண் மூடியிருந்தது. மார்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அக்கா" என்று கூப்பிட்டாள் மனைவி. "அக்கா, நான் வந்துட்டேன். வாசல்ல இருக்கேன்."

அசைவில்லை. அவள் இறங்கித் தரையில் தவழப் பார்த்தாள். கண்ணாடிக்கடைக்காரர் தடுத்துப் பிடித்தபடி அக்கா மகனைப் பார்த்தார். அவனுக்கும் ஒன்றும் ஓடவில்லை. அந்த நேரத்தில் நர்ஸ்தான், "ஏன் எல்லாரும் மரம் மாதிரி நிக்கறீங்க? கட்டிலுக்குச் சக்கரம் இருக்கு. தள்ளுங்க" என்று அதட்டினார்.

கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. மாவுக்கட்டுக் கால் கட்டில் ஓரத்தில் ஏறிக்கொள்ள, தங்கையின் வயிற்றில் இடிக்கும்வரை வந்தது. அவள் எட்டி அக்காவின் தலையைத் தடவினாள். வெகுநேரம் தடவினாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து எதையோ தேடிற்று. மாவுக்கட்டு தட்டுப்பட்டது. அந்த விரல்கள் அதன்மேல் மெல்ல ஊர்ந்தன.

"ரொம்ப வலிக்குதாடி?" என்றாள் அக்கா, கண் திறக்காமலே.

"இல்லக்கா."

"பொய் சொல்லாத."

தலைவர் இன்னும் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டே குனிந்து நின்றார். விட்டால் ஆடிவிடுமோ என்று அவருக்குப் பயம்.